அப்பா தொட்டுப் பார்த்து வாங்கிய மோட்டார்

போன வாரம் மீன் தொட்டிக்கு ஃபில்டர் வாங்கப் போனேன். பெங்களூரில் வேலை கிடைத்துப் போன மகள், தன் அறையிலிருந்த இரண்டடித் தொட்டியையும் தங்கமீன்களையும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பழைய ஃபில்டர் நின்றுவிட்டது. எங்கள் தெருமுனையிலேயே ஒரு மீன் கடை இருக்கிறது. ஆனால் நான் எதையும் சும்மா போய் வாங்குகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தொட்டியின் நீள அகல உயரம் அளந்து, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, சீட்டில் எழுதிக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். கறுப்பாக, சோப்பு டப்பா அளவில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கி ஓடவிட்டார்.

“ஓடுதா இல்லியான்னே உங்களுக்குத் தெரியாது மேடம். அவ்வளவு சைலண்ட்.”

என்னையறியாமல் அந்தத் தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

“கை வெக்காதீங்க மேடம், தடம் விழுந்துரும்.”

சத்தம் போடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நான் சோதிக்கிறேன் என்றே நினைத்திருப்பார். அடித்தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். இப்போது யாரும் இதை வாங்குவதில்லை என்றார். உள்ளே மூலையில் வைக்கும் பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு, ஒரு பொட்டலம் கரி. பொட்டலத்தைப் பிரித்ததும் கரி வாசனை வந்தது. அத்தோடு அந்தக் கடை என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

ஏற்காட்டில் எங்கள் வீட்டில் கரி தீர்ந்து நான் பார்த்ததில்லை. குளிருக்குச் சட்டியில் கரி, அப்பாவின் காக்கி உடுப்பு தேய்க்கும் பெட்டியில் கரி. அப்பா சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். மடிப்புக் கலையாத காக்கியோடு போய், மடிப்புக் கலையாமலே திரும்பி வருவார். என் ஒழுங்குப் பைத்தியம் அவர் கொடுத்ததுதான் என்று அம்மா சொல்வாள். எண்பதுகளின் கடைசி அது. ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால் ஓட்டு வீடு. அம்மா காப்பிக்கொட்டை பொறுக்கப் போவாள். நான் ஒரு எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். அங்கிருந்த மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மற்றவர்கள் நாற்காலி, கட்டில் என்று கேட்டார்கள். நான் காலியாகக் கிடந்த மீன் தொட்டியைக் கேட்டேன். ஆபீசில் கொஞ்ச நாள் என்னை ‘மீன்காரம்மா’ என்று கூப்பிட்டார்கள்.

ஏற்காட்டுக் குளிரைத் தாங்குவது தங்கமீன் ஒன்றுதான் என்று சேலத்துக் கடைக்காரர் சொல்லியனுப்பினார். மீன்களை அப்பாதான் கொண்டுவந்தார். காற்றடைத்த பிளாஸ்டிக் பையை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றி வருகிற மாதிரி ஓட்டினாராம். டிரைவரண்ணா இப்படியே போனால் மீன் குஞ்சு பொரித்துவிடும் என்று பின் சீட்டில் யாரோ சொல்லி பஸ்ஸே சிரித்ததாம். கண்டக்டர் செல்வராஜ் அண்ணன் வந்து சொன்னது இது. அப்பா அந்தச் சிரிப்பைச் சொல்லவே இல்லை. அதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

மீன் வந்துவிட்டது, ஃபில்டர் இல்லை. தங்கமீன் பார்க்க லட்சணமே தவிர பயங்கர அழுக்கு பண்ணும். ஒரு வாரத்துக்குள் தண்ணீரில் ஏடு படிந்து, மீன் ஒன்று செத்து மிதந்தது. “ஆத்துலயும் கொளத்துலயும் திரியற ஜீவனக் கொண்டாந்து கண்ணாடிக்குள்ளாற போட்டுக் கொல்றீங்களே, ஏன் கண்ணு?” என்றாள் அம்மா. அந்தக் குற்றச்சாட்டு தாங்காமல்தான் ஃபில்டர் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முதலில் வாங்கியது கல்லுக்கு அடியில் வைக்கும் தட்டு. காற்று மோட்டார் ஊதும்போது அழுக்கெல்லாம் கல்லுக்குள் இறங்கிப் போகும் என்று ஏற்பாடு. அழகாக இருக்கட்டும் என்று கல்லுக்கு நான் ஆசைப்பட்டது, மலையடிவாரத்து மாக்னசைட் சுரங்கத்து வெள்ளைக்கல். லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி அப்பா ஒரு பை வாங்கி வந்தார். கழுவக் கழுவ வெள்ளை போகவில்லை. நான்தான் போதும் என்று போட்டேன். மறுநாள் தொட்டி முழுக்க அரிசி களைந்த தண்ணீர். மீன் எங்கே என்று தெரியவில்லை. சேலம் ஜில்லாவில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

வெள்ளைக்கல் வாசலுக்குப் போயிற்று. ஆற்றுக் கல் போட்டும் அந்தத் தட்டு எங்களுக்கு ஒத்துவரவில்லை. மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் நாள்கணக்கில் கரண்ட் வராது. ஓட்டம் நின்றதும் கல்லுக்குள் இறங்கிய அழுக்கு அங்கேயே அழுகும். அதனால் மூலையில் வைக்கும் டப்பாவுக்கு மாறினேன். கீழே கூழாங்கல், நடுவில் கரி, மேலே பஞ்சு. கரண்ட் போனால் டப்பாவைத் தூக்கிக் குழாயடியில் கழுவி வைத்துவிடலாம். சின்னத் தொட்டிக்கும் எங்கள் ஊர் கரண்டுக்கும் அதுதான் பொருத்தம். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகமெல்லாம் மோட்டாரில்தான். டப்பாவுக்குக் காற்றை ஊதும் அந்தச் சின்னப் பெட்டி கர்ரென்று அதிரும். அலமாரியில் வைத்தால் அலமாரி அதிரும், சுவரில் மாட்டினால் சுவர். மடித்த சேலை, சைக்கிள் டியூப், பழைய செருப்பு எல்லாம் அடியில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

“ஊட்டுக்குள்ள மாவு மில்லு வெச்ச மாதிரி இருக்குது. தல நொம்ப வலிக்குது, நிறுத்து கண்ணு” என்பாள் அம்மா.

அப்பாவோ வேலை முடிந்து வந்ததும் நேராக மோட்டாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். “இது எங்க சத்தம் போடுது? பாவம், அதும்பாட்டுக்கு ஓடுது” என்பார். அவர் என் பக்கம் பேசுகிறார் என்று எனக்குப் பெருமை. நாளெல்லாம் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்காருகிற மனுசனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்று அம்மாவும் விட்டுவிட்டாள். அந்தக் காலத்து பஸ்ஸில் இன்ஜின் உள்ளேயே, டிரைவரின் இடது கைப் பக்கம் மூடி போட்டு இருக்கும். ஏற்காட்டுக் குளிருக்கு அந்த மூடிமேல் உட்காரப் போட்டி நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாருக்குள்ளிருந்த ரப்பர் கிழிந்துவிட்டது. அடடா, அது போட்ட சத்தம். தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி. நான் குழாயடியிலிருந்து ஓடிவந்தேன், அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பரில் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

நான் ஸ்விட்சை அணைக்கக் கை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, “ஏனுங்க” என்றாள். அவர் திரும்பவில்லை. ஸ்விட்சை அவளே அணைத்துவிட்டு, அந்த நிசப்தத்தில் இன்னொரு தடவை, “ஏனுங்க” என்றாள். பேப்பர் அசையவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். அவளைப் பார்த்ததும்தான் நிமிர்ந்தார். “காப்பியா?” என்று கேட்டார்.

அப்பாவுக்குக் காது எங்களுக்குத் தெரியாமல் எப்போதோ போயிருந்தது. இடது காதில் ஒன்றுமில்லை, வலது காதில் கொஞ்சம் மிச்சம். பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே எங்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

மலைப்பாதையில் டிரைவருக்குக் கண் பாதி, காது பாதி. வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டியைக் காட்டுவது ஹாரன் சத்தம்தான். மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணும் உதவாது. ஐப்பசி பிறக்க இருந்தது. பனி நாள்கள் வரப்போகின்றன.

“வேலைய உட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்? ஸ்டீரிங்ல கை வெச்சா எனக்கு எல்லாந் தெரியும்” என்றார் அப்பா.

“உங்க காது மட்டும்னா நான் பேச மாட்டனுங்க” என்றாள் அம்மா, அவர் பார்க்கும்படி நேரே நின்று, மெதுவாக. “பஸ்ஸு நெறைய ஊரார் புள்ளைங்க இருக்கறாங்க.”

அதற்குமேல் அவள் அதைப் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை மோட்டார் மாற்ற அப்பாவின் பஸ்ஸிலேயே சேலத்துக்கு இறங்கினேன். அவருக்கு நேர் பின் சீட்டு. அன்றைக்கென்று மேகம் ரோட்டில் படுத்திருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் செல்வராஜ் அண்ணன் முன்னால் வந்து நின்று வெளியே காது கொடுத்தார். கீழிருந்து ஹாரன் கேட்டால் அப்பாவின் தோளை ஒரு தட்டு. அப்பா ஒதுங்கி நிறுத்துவார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. எத்தனை நாளாக இப்படி ஓட்டுகிறார்களோ.

பாதி மலையில் செல்வராஜ் அண்ணன் பின்னால் ஒரு பாட்டியோடு டிக்கெட் தகராறில் மாட்டிக்கொண்டார். வளைவு வந்தது. கீழே எங்கோ லாரி ஹாரன். அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. மறுபடியும் ஹாரன், பக்கத்திலேயே. நான் எழுந்து கம்பிக்கு மேலாகக் கை நீட்டி அவர் தோளை அழுத்தினேன். பஸ் குலுங்கி ஓரத்தில் நின்றது. பனிக்குள்ளிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசுகிற மாதிரி ஏறிப் போயிற்று.

அப்பா கண்ணாடியில் பார்த்தார். செல்வராஜ் அண்ணன் பின்னாலேயே நிற்பது தெரிந்தது. தோளில் இருந்தது என் கை. அந்தக் கையை ஒரு தடவை தொட்டுவிட்டு கியரைப் போட்டார்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பஸ் முதலாளியின் ஆபீசுக்குள் போனார். திரும்பி வந்து, “வா சாமி, மோட்டார் பாக்கலாம்” என்றார். கடையில் புது மாதிரி ஒன்று வந்திருந்தது. சத்தமே இல்லாதது. அம்மாவுக்காக நான் அதைத்தான் கையில் எடுத்தேன். அப்பா ஒவ்வொன்றாக ஓடவிடச் சொல்லி, மேலே உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். புதியதன்மேல் கை வைத்ததும் முகத்தில் ஒன்றுமில்லை. கடைசியில் பழைய மாதிரியிலேயே ஒரு தடியன், மேசையையே ஆட்டுகிறது, அதன்மேல் வைத்ததும் கண்ணைத் திறந்தார்.

“இது எனக்குக் கேக்குது” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸை வேறொருவர் எடுத்தார். அப்பா என் பக்கத்தில், பயணிகள் சீட்டில், மடியில் மோட்டார் பெட்டியோடு உட்கார்ந்து வந்தார். “உங்கொம்மாகிட்ட நீ சொல்லாத கண்ணு, நானே சொல்லிக்கறேன்” என்றார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் வெறும் தரையை மிதித்தது. செல்வராஜ் அண்ணன் டிக்கெட் கொடுத்துக்கொண்டே எங்களைத் தாண்டும்போது, வளைவு எதுவும் இல்லாத இடத்தில், அப்பாவின் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

அப்பா எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் தொட்டியில் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த மோட்டார் பழையதைவிட இரண்டு பங்கு கத்தியது. அம்மா வந்து நின்று கேட்டாள். நிறுத்தச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

“இருக்கட்டும். ஊடுன்னா ஒரு சத்தம் இருக்கோணும்” என்றாள்.

அப்புறம் அப்பா கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், காப்பி காயவைக்கும் களத்துக்குக் காவலாகப் போனார். அங்கே காது தேவைப்படவில்லை, குரங்குகளைப் பார்த்தே விரட்டினார். காக்கி மட்டும் அப்படியே மடிப்போடு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியம் தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைப்பது. “ஓடுது” என்பார். அப்புறம்தான் காப்பி. தினமும் அதே இடம் என்பதால் கண்ணாடியில் ஐந்து விரலோடு ஒரு தடம் படிந்தே இருக்கும். எனக்கு அழுக்கு ஆகாதே, ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய துணியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்குவேன். திங்கட்கிழமை சாயங்காலம் அது திரும்ப வந்திருக்கும்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. சின்ன பஸ்கள் இன்ஜின் இருப்பதே தெரியாமல் ஏறிப் போகின்றன. செல்வராஜ் அண்ணன் எங்கே என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் பிறகு அப்பா அதிக நாள் இல்லை.

போன வாரம் அந்தச் சத்தமில்லாத ஃபில்டரைத்தான் வாங்கி வந்தேன். இரண்டடித் தொட்டிக்கு அதுதான் சரி, சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். நன்றாக ஓடுகிறது, தண்ணீர் தெளிந்திருக்கிறது, மீன்கள் சுகம். நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலத் துணியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கண்ணாடியில் துடைக்க ஒன்றுமில்லை.