வஹாப் பாய் தாங்கிய எழுநூறு மில்லி

காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போன இடத்தில் தன் மச்சான் கேள்விப்பட்டு வந்ததாக டீக்கடை சண்முகவேல் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"பாய், அந்த டெஸ்ட்டுக்கு மட்டும் போயிடாத. உள்ள ஒயர வுட்டு கரண்ட்டு வக்கிறாங்களாம். மூலக்கொத்தளத்து ஆளு ஒருத்தன் நல்லா நடந்து போனவன், டயப்பரு கட்டிக்கினு வந்தானாம். இப்ப தும்முனாகூட ஊத்திக்கிதாம்."

"உன் மச்சான் பாத்தானா?"

"அவனுக்கு யாரோ சொன்னதுப்பா. அவங்க இன்னாத்துக்கு பொய் சொல்லப் போறாங்க?"

அப்துல் வஹாப் சிரித்துவிட்டு டீயைப் பாதியிலேயே வைத்தார். மூன்று மாதமாக எதையும் பாதிதான் குடிக்கிறார். கைலிக்குள் தொடையோடு சேர்த்துக் கட்டிய மூத்திரப் பை தளும்புகிற சத்தம் தனக்குக் கேட்பதைப் போலவே தெருவுக்கும் கேட்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ரம்ஜான் முடிந்த வாரம் நீர் அடைத்துக்கொண்டு, துடித்தபடி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ட்யூப் போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். ட்யூபை எடுத்துப் பார்த்தபோது மறுபடி அடைத்தது, மறுபடி போட்டார்கள். டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"வீங்கின சுரப்பிதான் வழியை அடைக்குதுன்னா, ஆபரேஷன் பண்ணி ட்யூபை எடுத்துடலாம். நீர்ப்பையே தளர்ந்து போயிருந்தா ஆபரேஷன் பண்ணியும் பெரிசா பிரயோஜனம் இருக்காது, ட்யூபோடதான் காலம் தள்ளணும். ரெண்டுல எதுன்னு இந்த டெஸ்ட்தான் சொல்லும்."

வஹாப் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பை கழன்றால் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நாலு பேர் தோளை உரசிக்கொண்டு வரிசையில் நிற்கலாம். மூன்று மாதமாகத் தண்டையார்பேட்டை ஒற்றை அறையில் தனியாகத்தான் தொழுகிறார். மனைவி அஜீசுன்னிசா போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. மகன் தௌசீஃப் ஷார்ஜாவில். வீடியோவில் அவன் கூப்பிட்டால் போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

"பீச் பக்கம் வாக்கிங் போறீங்களா அத்தா?"

"போய்க்கினுதான் கீறேன். நல்லா கீறேன்."

தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரிவதில்லை. "நல்லா கீறேன்" என்று சொன்ன முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவான்.

வஹாப் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு; அறுபது அடி உயரத்தில் கண்ணாடிக் கேபின். காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே ட்ரெய்லர்கள் வரிசைகட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஒரு மனுஷன் மூத்திரத்துக்காக ஏணியில் இறங்கி ஏற முடியுமா? அடக்கிக்கொள்வார். பிறகு வந்தவர்கள் பாட்டில் கொண்டுபோனார்கள். அவருக்கு அது கலீஜாகப் பட்டது.

அடக்குவதைவிட ஆழமாக ஊறிய பழக்கம் ஒன்றும் இருந்தது. மேலே உட்கார்ந்திருப்பவன் தன் கணக்குக்கு எதையும் செய்யக் கூடாது. கீழே நிற்கும் சிக்னல்காரன் கையைத் தூக்கினால் தூக்க வேண்டும், மடக்கினால் நிறுத்த வேண்டும். அந்தக் கை அசையாதவரை பெட்டி அந்தரத்தில் தொங்கட்டும்.

டெஸ்ட் நாளில் எட்டரைக்கே போய்விட்டார்.

"கூட யாரு பாய் வந்திருக்காங்க?" என்று கேட்டார் சிஸ்டர் சாண்ட்ரா.

"வந்துகினு கீறாங்கம்மா."

யாரும் வந்துகொண்டிருக்கவில்லை.

பழைய ட்யூபை எடுத்துவிட்டு, மெல்லிசாக ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் செருகினார்கள். வஹாப் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"கரண்ட்டு எப்பம்மா வப்பீங்க?"

"மேல ஃபேன் சுத்துது பாருங்க, அதான் இங்க இருக்கிற கரண்ட்டு," என்றார் சாண்ட்ரா. "இப்ப தண்ணி மெதுவா உள்ள போகும். லேசா வர்ற மாதிரி இருந்தா சொல்லுங்க. போயே ஆகணும்னு தோணினா அதையும் சொல்லுங்க. நிறுத்திடுவேன்."

"சரிம்மா."

மெஷின் திரையில் நீர்ப்பையின் அழுத்தத்தைக் காட்டும் கோடு நகர்ந்தது. இருநூறு மில்லியில் லேசாக வந்தது. வஹாப் சாண்ட்ராவின் கையைப் பார்த்தார். பேனா பிடித்திருந்த அந்தக் கை அசையவில்லை. முந்நூற்றைம்பதில் நன்றாகவே முட்டியது. கை அசையவில்லை.

"இன்னும் தாங்குமா பாய்?"

"தாங்கும்."

ஐந்நூறில் நெற்றி வியர்த்தது. கால் கட்டைவிரல்கள் மடங்கின.

"நிஜமாவே ஒண்ணும் தோணலையா?"

"நீ சொல்லும்மா, நிறுத்திடலாம்."

"நான் எப்படிப் பாய் சொல்றது? அது உங்க வயிறு!"

அதற்குள் டாக்டரம்மா உள்ளே வந்தார். "எவ்வளவு போயிருக்கு?"

"எழுநூறு, டாக்டர். கேட்டா தாங்கும் தாங்கும்னே சொல்றாரு."

தண்ணீரை நிறுத்தி, ஓட்டை போட்ட நாற்காலியில் உட்காரவைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, "இப்ப போங்க" என்றார்கள். சீலைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஜோடிச் செருப்புகள் காத்திருந்தன. வஹாப் முக்கினார். கலிமா சொன்னார். குழாய்த் தண்ணீர் ஓடுவதாக நினைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

மறுபடி பழைய மாதிரி ட்யூப், பை.

"இதை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது," என்றார் டாக்டரம்மா. "அளவுக்கு மேல ரொப்பினா நல்ல நீர்ப்பைகூட சோர்ந்துடும். வியாழக்கிழமை திரும்பப் பண்ணுவோம். அன்னைக்கும் கோடு எழும்பலைன்னா ட்யூப்தான். கூட ஒரு ஆள் இல்லாம வராதீங்க. தெரிஞ்ச மனுஷங்க பக்கத்துல இருந்தா உடம்பு தானா இளகும். யார் இருக்காங்க உங்களுக்கு?"

பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. சண்முகவேலுக்கு டெஸ்ட் மட்டும்தான் தெரியும்; கூடக் கூப்பிட்டால் பை விஷயம் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தௌசீஃபிடம் சொன்னால் லீவு கிடைக்காமல் அங்கேயே உட்கார்ந்து கரைவான். கடைசியில் மிஞ்சியது வியாசர்பாடி டில்லிபாபு. பத்தொன்பது வருடம் வஹாபின் கிரேனுக்குக் கீழே நின்ற சிக்னல்காரர்.

பிப்ரவரியில் டில்லிபாபு தன் மகள் செங்கொடிக்குக் கல்யாணம் வைத்தார். வஹாபுக்கு அப்போதே அரை மணிக்கு ஒரு தரம் ஓட வேண்டியிருந்தது. மண்டபத்துக் கக்கூஸ் வரிசையை நினைத்துப் போகாமல் இருந்துவிட்டார். மறுநாள் டில்லிபாபுவே போன் செய்தார். "பந்தியில உனக்குன்னு எல போட்டு ஒரு மணி நேரம் எவனையும் குந்த வுடல பாய். மேலயே குந்திக்கினு இருந்து, கீழ கீறவன் உன் கண்ணுக்குத் தெரியல."

"வேலை வந்துச்சுப்பா" என்றார் வஹாப். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு என்ன வேலை? அதோடு பேச்சு நின்றது.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மெல்ல ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்: "மாமு, எனக்கு மூத்திரம் போக மாட்டேங்குது." பக்கத்தில் இருந்த பெண் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

நம்பரை அழுத்தினார். டில்லிபாபு காலர் ட்யூனாக வைத்திருந்த புத்த வந்தனம் காதில் கணீரென்று ஆரம்பித்தது. முழுதாக ஓடி நின்றது. வஹாப் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி அழுத்தினார். வந்தனம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. தண்டையார்பேட்டை பஸ் வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.