எண்ணெய்த் தாங்கிக்குள் இறங்கிய குண்டு

“இதுக்குள்ள எவ்வளவு எண்ணெய் இருக்கு?” என்று நான்தான் முதலில் கேட்டேன்.

ஒஸ்வால்ட் அந்த உயரமான தாங்கியில் கைவைத்தபடி திரும்பினார். “மிஸ் எங்க இருக்கிறது?” என்றார்.

“வெள்ளவத்தை.”

“அப்ப நல்லெண்ணெய் ஆக்கள். நம்ம எண்ணெய் உங்களுக்குச் செமிக்காதே.”

“கடையில வடை வாங்கிச் சாப்பிடுறனாங்கள்.”

“அப்ப நம்ம எண்ணெய்தான்!” என்று சிரித்தார். “காலி வீதியில பொரியிற வடை, வத்தளையில விக்கிற மிக்சர், பாதிக்கு மேல இதுக்குள்ளேருந்து போனதுதான்.”

“நாங்கள் தேங்காய் எண்ணெய் எண்டெல்லோ நினைச்சனாங்கள்.”

“தேங்கா காணாத நேரத்துக்கு இது மிஸ். பாம் எண்ணெய். மலேசியாவுலேருந்து கப்பல்ல வருது. கப்பல் பிந்திச்சிண்டா ஊர்ல சட்டி காயும்.”

“எவ்வளவெண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லை.”

“மேல ஏறுங்க. அளந்துதான் சொல்லலாம். பார்த்துச் சொல்றவன் புளுகுறான்.”

அது 1996. இறக்குமதியாகும் சமையல் எண்ணெயை அளந்து சான்று கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்திருந்தேன். ஒஸ்வால்ட் அங்கே இருபத்திரண்டு வருடமாக அளவுகாரர். கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயிருந்தே துறைமுகத்துக்கு நடந்து வேலைக்கு வருபவர். சிங்களத் தொழிலாளர்கள் அவரை “ஒஸ்வால்ட் அய்யே”, அதாவது ஒஸ்வால்ட் அண்ணா, என்பார்கள். தமிழில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவர் தன் குறிப்புக் கொப்பியில் தமிழில் எழுதும் அளவுகளைச் சிங்கள அறிக்கையாக்குவது என் வேலை. அப்பாவின் வேலை காரணமாக நான் எட்டாம் வகுப்பு வரை குருணாகலில் சிங்களத்தில் படித்தவள்.

அன்று அவர் பின்னால் இரும்பேணியில் ஏறினேன். தாங்கியின் கூரையில் ஒரு வட்ட மூடி. அதைத் திறந்து, உருக்கு நாடாவை உள்ளே விட்டார். நாடாவின் நுனியில் பித்தளையால் ஒரு பாரம். அதற்கு அவர்கள் தொழிலில் குண்டு என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு, நாடாவை இரண்டு விரலுக்கிடையில் வழுகவிட்டார். மூன்று மாடி ஆழத்தில் குண்டு அடித்தகட்டைத் தொட்டது எனக்குக் கேட்கவில்லை. அவர் விரலுக்குக் கேட்டது. உடனே நிறுத்திவிட்டார். நாடாவை மேலே இழுத்து, எண்ணெய் நனைந்திருந்த எல்லையை நகத்தால் பிடித்தார்.

“ஒரு நூல் பிசகினா அஞ்சு பரல் எண்ணெய்,” என்றார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொன்று; பரல் என்பது பீப்பாய். ஒரே இடத்தில் மூன்று தரம் இறக்கினார். மூன்று தரமும் ஒரே அளவு.

நான் மூடிக்குள் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் எண்ணெய் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. இந்த நகரம் அடுத்த சில வாரங்களில் பொரிக்கப்போகும் எல்லாமே அங்கே சத்தமில்லாமல் கிடந்தது.

நான்கு மாதம் கழித்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். புலிகளின் தாக்குதலில் கொலன்னாவையில் பெற்றோலியத் தாங்கிகள் எரிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. ஒன்றில், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் அவருடைய கொப்பியைத் திறந்திருக்கிறார். அதில் இப்படி இருந்தது:

“எண்ணெய்த் தாங்கி 3. காலை 6.40. குண்டு இறக்கினேன். தாங்கி 4. காலை 7.15. குண்டு இறக்கினேன்.”

பக்கம் பக்கமாக அப்படித்தான்.

ஒஸ்வால்ட் சிங்களம் தடங்கலில்லாமல் பேசுவார். ஆனால் பிடிபட்டவரே தன் கொப்பிக்கு அர்த்தம் சொன்னால் யார் நம்புவது? அலுவலகத்திலிருந்து என்னைப் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் கொப்பியை என் முன்னால் தள்ளி, சிங்களத்தில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். குண்டு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த சிங்களம் ஒன்றே ஒன்றுதான். அதை அந்த அறையில் சொல்ல நா எழவில்லை. இத்தனை மாதமும் இலக்கங்களை மட்டும் சிங்கள அறிக்கையில் எடுத்தெழுதியிருந்தேன், அந்தச் சொல்லைத் தொட்டதே இல்லை.

“சேர், அந்தச் சாமானையே கொண்டுவரச் சொல்லுங்கோ,” என்று சிங்களத்தில் கேட்டேன்.

தாங்கி முற்றத்திலிருந்து நாடாவைக் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் பித்தளைப் பாரத்தைக் கையில் எடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்.

“லம்பய! மேசன்மார் சுவருக்குப் பிடிக்கிறதுதானே இது?”

“அதுதான் சேர். தமிழில அதுக்கும் குண்டு எண்டுதான் சொல்றது.”

“ஏன், வேற சொல்லுக்குப் பஞ்சமோ?” என்றார். மூலையில் நின்ற ஒஸ்வால்ட் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

அவரை விட்டார்கள். பறித்து வைத்திருந்த துறைமுகப் பாஸை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. பாஸ் இல்லாவிட்டால் ஏணியில் கால் வைக்க முடியாது, ஐம்பத்தொரு வயதில் வேறு வேலையும் கிடையாது. விளக்கக் கடிதம் ஒன்று சிங்களத்தில் வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

கடிதம் போய்ப் பதினோராம் நாள் பாஸ் வந்தது. ஆனால் நான் முதலில் எழுதியது வேறு கடிதம். அலுவலக மேசையில் அவரை எதிரே இருத்தி அதை வாசித்துக் காட்டினேன். பாஸ் சீக்கிரம் கிடைக்கட்டுமென்று, அவர் பெயரில் மன்னிப்புக் கேட்டு, நன்றாகப் பணிந்து எழுதியிருந்தேன்.

அவர் கடைசி வரை கேட்டார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மன்னிப்புக் கேக்கிறது இருக்கட்டும் மிஸ். இனிமே சிங்களத்தில எழுதுறேண்டும் போடுங்க, நான் பழகிக்கிறேன். பாஸ் பிந்தினாலும் பரவாயில்ல. ‘கொப்பியில் பிழையாக எழுதினேன்’ எண்டு ஒரு வரி இருக்கே, அதை மட்டும் வெட்டிருங்க.”