மாஸ்டரின் கழுத்தளவு

எங்கள் தையல் கடையில் மாஸ்டர் வெட்டுவார், அவர் மனைவி தைப்பார், நான் காஜா எடுத்துப் பட்டன் வைப்பேன். ஆள் மூன்றே பேர். நான்காவதாக ஒரு டாக்டரும் அங்கே குடியிருந்தார். மாஸ்டரின் சட்டைப் பையில் இருந்த போனைத்தான் சொல்கிறேன்.

எந்த உடம்பையும் ஒரே பார்வையில் அளந்துவிடுகிற மனுஷனுக்குத் தன் உடம்பு மட்டும் பிடிபடவில்லை. ஏப்பம் வந்தால் இதயம், கொட்டாவி வந்தால் மூளை. கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத் தேட உட்கார்ந்துவிடுவார். முதலில் வாயுத் தொல்லை என்று வரும். அதை நம்ப மாட்டார். தள்ளிக்கொண்டே போய், ஆளைச் சாகடிக்கிற வியாதி ஒன்று கிடைத்த பிறகுதான் நிறுத்துவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு எரிச்சல் வரும். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குச் சிரிப்புத்தான் வரும்.

"ஏங்க, அந்த பேன்ட்டை இன்னிக்கு முடிப்பீங்களா, இல்ல உயில் எழுதிட்டுதான் தொடுவீங்களா?"

கழுத்துக் கட்டி பற்றி எதையோ படித்ததிலிருந்து, கடை திறந்ததும் டேப்பைக் கழுத்தில் சுற்றி அளப்பார். வெட்டும் மேஜையின் ஓரத்தில் சாக்குக்கட்டியால் எழுதி வைப்பார். ஒரு நாள் கை மரத்துவிட்டது என்று அக்காவை அளக்கச் சொன்னார். அரை அங்குலம் கூடியிருந்தது. கடையை என்னிடம் விட்டுவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ரத்தம், ஸ்கேன், எல்லாம் பார்த்தும் ஒன்றுமில்லை.

மறுநாள் அக்கா ஒருவருக்குக் காலர் அளவு எடுத்தபோதுதான் எனக்குப் பளிச்சென்றது. காலர் இறுக்காமலிருக்க டேப்புக்குள் ஒரு விரலை விட்டு அளப்பது எங்கள் வழக்கம். பழக்கதோஷத்தில் புருஷன் கழுத்திலும் விரலை விட்டிருக்கிறார்.

"அக்கா, மாஸ்டருக்கு வந்த கட்டி உங்க விரல்தான்!"

கண்ணில் நீர் வருமளவு சிரித்தோம். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரைக்குப் பதில் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார். போனில் தேடிய பிறகு பயம் குறைகிறதா, கூடுகிறதா? அதனால் வேலை கெடுகிறதா? ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் மனம் கேட்கிறதா? ஒவ்வொன்றுக்கும் மார்க்; பயம் கூடினால் மார்க்கும் கூடும். மாஸ்டர் வாங்கி வந்தது ஏகப்பட்ட மார்க்.

"பயத்துக்குக்கூட அளவு எடுப்பாங்களா?" என்றார் அக்கா.

"அந்த மார்க்குக்கு என்ன அர்த்தம்னு போன்ல பாத்தேன். ரொம்ப மோசமாம்," என்றார் மாஸ்டர். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனாலும் மாதாமாதம் போய் எழுதிவிட்டு வந்தார். மார்க் மெல்ல இறங்கியது. பரீட்சைக்குப் போய் வந்த பிள்ளையைக் கேட்பதுபோல அக்கா ஒவ்வொரு தடவையும் விசாரிப்பார். மார்க்கோடு கூடவே அக்காவும் இளைத்துக்கொண்டு வந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மாஸ்டர் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், அக்கா தன் சட்டையின் பக்கத் தையலைப் பிடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏற்கெனவே சிறிதாக்கிய இன்னும் சில சட்டைகள்.

"என்னக்கா இது? டாக்டர்கிட்ட போனீங்களா?"

"கத்தாதடி. வயித்துல வலி, ரொம்ப நாளாவே இருக்கு. இவருக்குத் தெரிஞ்சா போனோட உக்காந்துடுவார். இப்பதான் மார்க் இறங்குது. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், சொல்லிக்கலாம்."

எனக்கு வாய் நிற்காது. மாஸ்டர் உள்ளே காலை வைத்ததும், "உங்க கழுத்தை அளந்தது போதும், அக்காவை அளந்து பாருங்க!" என்று கத்தினேன். மார்க்குக்காக அக்கா காத்திருந்ததையும் சேர்த்துப் போட்டு உடைத்தேன்.

அக்காவுக்கு அவர் அளவெடுத்து வருஷக்கணக்காகிறது. எல்லாம் மனப்பாட அளவுதான். டேப்பை இடுப்பில் சுற்றினார். நம்பாமல் மறுபடி சுற்றினார்.

"விரலை விட்டு அளங்க, கூடும்," என்று அக்கா சிரித்தார்.

மாஸ்டர் விரலையும் விட்டுப் பார்த்தார். பழைய அளவுக்குக் கிட்டேகூட வரவில்லை.

காலம் கடந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வியாதிக்கு ஒரு பெயரும் சொன்னார்கள். அந்தப் பெயரை மட்டும் மாஸ்டர் போனில் தேடவேயில்லை. போன் மேஜையில் துணித்துண்டுகளுக்கு அடியில் கிடந்தது.

அக்காவுக்குப் புதுச் சட்டை ஒன்று வெட்டினார். படுக்கையில் இருந்தபடி அக்கா சொன்னார்: "உள்ள துணி நிறைய விடுங்க. உடம்பு தேறினா பிரிச்சுப் பெருசாக்கிக்கலாம்."

"விடறேம்மா."

பழைய அளவு முழுதும் வருகிற மாதிரி, உள்ளே மடித்து விட்டுத் தைத்தார். பட்டன் நான்தான் வைத்தேன். அந்தச் சட்டையைப் பிரிக்கிற வேலை எங்களுக்கு வரவேயில்லை.

அக்கா போய்ச் சில மாதம் கழித்து மாஸ்டரை அந்த டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கேள்வித்தாளை எழுதிக் கொடுத்தார். மார்க் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. விவரம் அறியாத டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா குணமாயிட்டீங்க!" என்றார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு இறங்கினா போதும்ல? இப்பவாவது என்கிட்ட சொல்லுவா இல்ல?"