சாயம் ஏற்காத செல்கள்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் யாராவது அசிட்டிக் அமிலப் புட்டியைத் திறந்தால் போதும், அந்தப் புளித்த நெடியோடு அண்ணன் உள்ளே வந்துவிடுவார். வீரபாண்டிச் சாயப்பட்டறையிலிருந்து திரும்பும் அவர் சட்டையில் எப்போதும் அதே நெடி. நகக்கண்ணில் அன்றைய ஆர்டரின் நிறம். இங்கே என் வேலை நிணநீர்ப் புற்றுச் செல்களை வளர்ப்பது. எப்போதோ இறந்துபோன ஒரு நோயாளியின் செல்கள். பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கீமோ மருந்தைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுப்பேன். பெரும்பாலானவை சாகும். மிஞ்சியதை ஊட்டித் தேற்றி, இன்னும் கொஞ்சம் கொடுப்பேன். மாதங்கள் போனால் அந்த மருந்துக்குச் சாகாத கூட்டம் ஒன்று மிஞ்சும். ஏன் சாகவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி, எங்கள் சோறு. நீலச் சாயம் விட்டுப் பார்த்தால் செத்த செல் குடித்துவிடும், உயிருள்ளது ஏற்காது. போனில் இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். "ஏந்தம்பி, அங்க சாயம் புடிச்சாச் செத்ததா? இங்க புடிக்காட்டி நாஞ்செத்தேன்!"

கழுத்தில் கட்டி தெரிவதற்கு முந்தைய சிரிப்பு அது. அதே நோய். அதே மருந்து. கட்டி முதலில் கரைந்தது, பிறகு திரும்பி வந்தது. மருந்து இனிக் கேட்காது என்று அண்ணி போனில் அழுத காலையில், நுண்ணோக்கியில் குனிந்தால் எங்கும் நீலமே இல்லை. என் கண் நிறைந்ததைப் பார்த்த சக ஊழியர் பிர்கிட், செல்கள் பிழைத்த சந்தோஷம் என்று எண்ணித் தோளை அணைத்தார். "க்ளூக்வுன்ஷ்! கேக் எங்கே?" வாழ்த்துகிறாராம். நல்லது நடந்தவர்தான் இங்கே கேக் கொண்டுவர வேண்டும். மறுநாள் வாங்கிப்போய் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தேன்.

விடுப்பில் ஊருக்கு வந்தேன். இன்னொரு மருந்து இருக்கிறது, போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி, கோயம்புத்தூர் டாக்டர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று அண்ணன் அவரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

"இதுக்காச்சும் கேக்குமா? நீ பாத்திருப்பியல்ல."

பார்த்திருந்தேன். முதல் மருந்தை வென்றவை பல சமயம் அடுத்ததையும் வென்றுவிடும்.

"புட்டி வேறீங்ணா, மனுசன் வேறீங்."

"அப்பக் கேக்காதுங்கற."

கிளம்பும் நாளில் கார் வாசலில் நின்றது. பெட்டியைத் தூக்க மனமில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுங்ளாண்ணா?"

"அங்க அதுகளுக்கு யாரு தீனி போடறது?"

"கூட வேலை செய்யறவங்க பாத்துக்குவாங்."

அண்ணன் கழுத்தைத் தொட்டுக்கொண்டார்.

"இங்க இருக்கறது தானாத் தின்னுக்குது. அங்கதான் ஆள் வேணும். நீ கெளம்பு, கண்ணு."