கடலைக் கொஞ்சம் நீலமாக்குங்க

ஆலங்குடாக் கடற்கரையில் உள்ள ஒரு சிறிய ஹோட்டலின் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களை, மதுரங்குளியில் எங்கள் வீட்டிலிருந்தபடியே ஃப்ரீலான்ஸாக நான்தான் நடத்துகிறேன். முதலாளியை, அண்ணன் முறையில், 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். எதை அனுப்பினாலும் திருத்துவார். கடலை இன்னும் நீலமாக்கச் சொல்வார். எழுத்தை இடப்பக்கம் நகர்த்தச் சொல்லிவிட்டு, வலப்பக்கமே நல்லது என்பார். எனக்கு இந்த வேலையே தெரியாதோ என்று அழுகை வரும்.

ஒருநாள் அவர் சிலாபத்துக்குக் கல்யாண வீடொன்றுக்குப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. அன்று நல்ல காற்று. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிறவர்களின் வீடியோவை உடனே போட்டால்தான் பிரயோசனம். கேட்காமலே போட்டுவிட்டேன். பின்னேரம் அவர் அழைத்தபோது ஏச்சு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அவரோ கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார்.

"அந்த வீடியோவில மாத்த ஒண்டும் இல்லையா நானா?"

"போட்டாச்சுதானே தங்கச்சி. ஒவ்வொண்டுக்கும் நீங்க 'சரியா, சரியா' எண்டு கேட்டா, நானும் ஏதாச்சும் சொல்லத்தானே வேணும்?"

எரிச்சலில், நான் அவருக்கு அனுப்பிய பழைய மெசேஜ்களைத் திறந்து பார்த்தேன். எல்லாமே "சரியா நானா?" என்றுதான் முடிந்திருந்தன.

அடுத்த படத்தை அனுப்பியபோது, "நாளைக்குக் காலையில போடுறேன்" என்று மட்டும் எழுதினேன். உடனே பதில் வந்தது: "கடலக் கொஞ்சம் நீலமாக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன்: "இல்ல நானா. எங்கட கடல் இந்த நிறம்தான்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை நாளும் அந்த ஒரு 'இல்ல'வைச் சொல்லாமல் எத்தனை கடலுக்கு நீலம் பூசினேன் என்று நினைத்தால், இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.