நெய்மீன் குழம்பும் கடைசிப் பெயரும்

பதில் வந்த அன்றைக்குக் கிளாரா டீச்சர் ஒரு முழு நெய்மீனை அறுத்துக் குழம்பு வைத்துத் தெருவுக்கே பரிமாறினாள். சரி, தெரு என்பது கொஞ்சம் கூடுதல். அதை அவளே ஒத்துக்கொள்வாள். சாப்பிட்டது இரண்டே பேர். அதிலும் பேசிக்கொண்டு சாப்பிட்டது ஒருத்திதான். ஆனால் மீன் நெய்மீன், சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பார்களே அந்தப் பெரிய மீன், என்பதில் மட்டும் இறங்கி வரமாட்டாள்.

மற்றவர் அவள் கணவர் ஞானதாசன். புதுக்கடைச் சந்தையில் மீன் வியாபாரம் செய்தவர். அவர் இங்கே விலை சொன்னால் மார்த்தாண்டத்தில் பேரம் படியும். அந்தக் குரலை ஒரு நரம்பு நோய் மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. முதலில் சொற்கள் போயின. பிறகு தலையாட்டலும் போயிற்று. ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருப்பார். ஊட்டினால் விழுங்குவார்.

கிளாரா நாள் முழுக்க அவரோடு பேசினாள். மழை வந்ததை, பூனை குட்டி போட்டதை, மாதா கோயில் பெருநாளுக்குக் கொடி ஏறியதை. பதிலுக்கு மின்விசிறிதான் கிறீச்சிட்டது. சுவரோடு பேசுகிறோமோ என்ற பயம் வந்த பிறகு பேச்சு குறைந்தது. அதன்பின் வீட்டில் கடல் இரைச்சல் கூடுதலாகக் கேட்டது.

"அவருக்குக் காது கேக்கும். புரியுதான்னு தெரியல" என்றார் நாகர்கோவில் டாக்டர். "இதே நோய்க்காரங்கள வச்சு வெளிநாட்டுல ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க. எனக்கும் சுருக்கம்தான் கிடைச்சுது."

கிளாராவுக்கும் இணையத்தில் சுருக்கம்தான் கிடைத்தது. கேள்வி இருந்தது, விடை பூட்டுக்குப் பின்னால் இருந்தது. முழுக் கட்டுரையைத் திறக்க டாலர் கேட்டார்கள். கத்தாரிலிருந்து மகன் ஜெஃப்ரின் போனில் தேடிப் பார்த்தான்.

"ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குச் சும்மா குடுப்பாவளாம்மா. ஆனா அந்த லிஸ்ட்ல நம்ம நாடு இல்ல."

"நாம பணக்காரரு ஆயாச்சா மக்கா? நம்ம அடுக்களைக் கூரை ஒழுகுதது அவியளுக்குத் தெரியாது போல."

"எழுதினவியகிட்டயே கேளுங்க. அவிய கையில இருக்கப்பட்ட பிரதியை அனுப்புவாவ. அதுல தப்பொண்ணும் இல்ல."

கட்டுரையின் தலையில் வரிசையாகப் பெயர்கள். கிளாராவுக்குத் தெரிந்த வரிசை கல்யாணக் கார்டு வரிசை: மேலே குடும்பத்தின் மூத்தவர், கடைசியில் வாண்டுகள். முதல் பெயருக்கு மிகுந்த மரியாதையோடு மின்னஞ்சல் எழுதினாள். அந்த முகவரியில் ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. அடுத்தடுத்த பெயர்களும் வாய் திறக்கவில்லை. மிஞ்சியது கடைக்குட்டி.

அந்தப் பிள்ளைக்கு அவள் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: "மகனே, பெரியவர்களுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. நீ சின்னவன், மனம் இளகியிருக்கும். என் கணவருக்கு நான் பேசுவது புரிகிறதா என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு பிரதி அனுப்பி வை. நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வருவாய்."

மறுநாள் முழுக் கட்டுரையும் வந்தது, கூடவே நான்கு வரி: "அம்மா, எங்கள் வழக்கத்தில் வேலையைச் செய்த மாணவர் முதலில் நிற்பார், ஆய்வுக்கூடத்தின் தலைவர் கடைசியில் நிற்பார். எனக்கு எழுபது வயதாகிறது. என் தாய் போன பிறகு என்னை யாரும் மகனே என்று அழைத்ததில்லை. எது வேண்டுமானாலும் கேளுங்கள்."

கிளாரா அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். பேச்சை இழந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது புரிந்தது. எல்லாருக்கும் அல்ல. ஞானதாசன் எந்தப் பக்கம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். அன்றிலிருந்து பழையபடி பேசத் தொடங்கினாள், பாதி நம்பிக்கையில்.

அடுத்த வாரம் முருங்கைக்கீரை பறிக்க வந்த பக்கத்து வீட்டு ரெஜிஷா மாட்டிக்கொண்டாள். பூட்டு, கல்யாணக் கார்டு, எழுபது வயசு மகன் எல்லாம் சொல்லி முடித்துக் கிளாரா குழம்புக்கு வந்தாள்.

"பெறவு நெய்மீன் வச்சேன் ஏட்டி. ஒவ்வொரு துண்டும் இந்தக் கை அகலம்."

"எனக்கு மட்டும் மணம் வரல்லியே டீச்சர்."

"ஒனக்கு அன்னைக்கு ஜலதோஷம்."

ரெஜிஷா சிரிக்கவில்லை. அவள் பார்வை ஜன்னல் பக்கம் நின்றுவிட்டது. நாற்காலிக் கையில் கிடந்த ஞானதாசனின் வலக்கை சற்றே உயர்ந்திருந்தது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் நடுங்கி நடுங்கி விலகின. இடையில் ஒரு சுண்டுவிரல் நீளம். சந்தையில் வாழ்நாளெல்லாம் மீன் அளவு காட்டிய கை.

"டீச்சர்," என்றாள் ரெஜிஷா மெதுவாக, "நெத்திலியாம்."