மண்டபச் சுவரில் இருந்த தேவாலயம்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை, கிழக்கு லண்டனில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் காலை நேரத்தில் நடந்துவந்தது. மண்டபச் சுவரில் அதே தேவாலயத்தின் பழைய அச்சுப்படம் தொங்கியது. அந்த இடம் கிராமமாக இருந்த காலத்தில் யாரோ தகட்டில் செதுக்கி அச்சிட்டது. சதுரக் கோபுரம், சாய்ந்த கல்லறைகள், வேலியோரம் மூன்று மாடுகள், தொப்பி அணிந்த இருவர். மாடுகள் நின்ற இடத்தில் இப்போது பஸ் தரிப்பிடம் இருக்கிறது. உண்மையான கோபுரத்தில் படத்தில் உள்ளதைவிட ஒரு சன்னல் குறைவு. பின்னாளில் அடைத்துவிட்டார்களா, வரைந்தவர் கூட்டிப் போட்டாரா என்பது எவருக்கும் தெரியாது.

சரஸ்வதி பூசைக்குப் பின்திரையாகச் சேலை கட்டவேண்டியிருந்தது. படத்தைக் கழற்றி, அடுக்கிய கதிரைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தவன் நான். பூசை முடிந்து கதிரைகளை இழுத்தவனும் நான். கண்ணாடி உடைந்தது, சட்டம் பிளந்தது. படத்துக்குக் கீறல் இல்லை.

பாடசாலை அதிபர் வந்து பார்த்தார். நான் முன்பு பத்திரிகையில் வேலை செய்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

“பேப்பரிலை வேலை செய்த ஆள், படத்தைப் பக்குவமாப் பாப்பியள் எண்டுதானே உங்களைக் கழட்டச் சொன்னனான்.”

“பேப்பரிலை படம் விழுந்து உடையிறதில்லை, ரீச்சர்.”

“பகிடி விடாதேங்கோ. வியாழக்கிழமை கொமிற்றி கூடுது. யோகா வகுப்புக்காரர் எங்கடை சனிக்கிழமையைக் கேட்டுக்கொண்டு நிக்கினம். உதைக் கண்டினமெண்டால் எங்களுக்கு ஹோல் இல்லை.”

அவர் மிகைப்படுத்தவில்லை. மண்டபத்தை எங்களுக்குத் தொடர்ந்து தருவதா என்று தேவாலயத்தின் அந்தக் குழு ஆண்டுக்கு ஒருமுறை முடிவெடுக்கும். வேறு இரண்டு மண்டபங்களில் நாங்கள் கேட்டபோது, இரண்டிலும் இல்லையென்று சொல்லியிருந்தார்கள். எங்களிடம் தொண்ணூறு பிள்ளைகள் படித்தார்கள்.

மறுநாள் படத்தை மனோர் பார்க்கில் படம் சட்டமிடும் கடைக்குக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர் கடை. சுவர் முழுவதும் பிள்ளையார், முருகன், லட்சுமி. இடையிடையே இறந்தவர்களின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெருவிரல் அளவில் ஒரு சிவப்பு மின்குமிழ் எரிந்தது. கடைக்காரர் அச்சுப்படத்தை மேசையில் விரித்துக் கல்லறைகளைப் பார்த்தார்.

“ஆற்றை நினைவு நாள், அண்ணை?”

“ஒருத்தற்றையும் இல்லை. இது கோயில்.”

“கோயிலெண்டால் பல்ப் போடத்தான் வேணும்.”

“வேதக்காரற்றை கோயிலப்பா.”

“ஆற்றை எண்டாலென்ன? கும்பிடுற இடத்தை இருட்டிலை விடேலாது.”

பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து கடைக்குப் போனபோது படம் மண்ணிறத் தாளில் சுற்றித் தயாராக இருந்தது. குழு கூட அரை மணி நேரமே இருந்ததால் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன். குழுவினர் மூவரும் முன்னரே வந்து, படம் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிபர் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் முன்னிலையில் தாளைப் பிரித்தேன்.

தங்க நிறச் சட்டம், நான்கு மூலையிலும் தாமரை. கீழே நடுவில் சிவப்பு மின்குமிழ், பின்பக்கம் வயரும் பிளக்கும். வேலை சுத்தமாக இருந்தது.

குழுத் தலைவி எழுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, வயரை விரலால் தொடர்ந்து சென்று பிளக்கைக் கண்டுபிடித்துச் சுவரில் செருகினார். மாடுகள் சிவந்தன.

அதிபர் என்னைப் பார்க்கவில்லை. நான் கண்ணாடி உடைந்ததையும், உடைத்தது நான் என்பதையும் சொன்னேன். அந்தக் கடையில் பெரும்பாலும் கடவுள் படங்களுக்கும் இறந்தவர்களின் படங்களுக்கும்தான் சட்டமிடுவார்கள் என்றும் சொன்னேன்.

தங்கள் தேவாலயத்தைக் கடைக்காரர் எந்த வகையில் சேர்த்தார் என்று தலைவி கேட்டார்.

இரண்டிலும் சேர்த்திருப்பார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கணிப்பு என்று அவர் சொன்னார். மற்ற இருவரும் குறிப்பேட்டில் எதையோ எழுதினார்கள். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. அதில் படம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சனிக்கிழமை காலை யோகா வகுப்புக்கு. எங்களுக்கு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை, ஓராண்டுக்கு. அதிபர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“ஹோல் கிடைச்சிட்டுது. ஆனால் மத்தியானம் சோறு திண்டிட்டு வந்தால் பிள்ளையளுக்கு நித்திரை வருமே.”

“காலமையிலையும் நித்திரைதானே கொண்டவை, ரீச்சர்,” என்றேன்.

அவர் பெற்றோருக்குப் புதிய நேரத்தை அறிவிக்கும் கடிதத்தை எழுத உட்கார்ந்தார்.